டேப் வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு



"பையனுக்கு டிஸ்லெக்சியான்னு சொல்லிட்டாங்க சார். டேப் வாங்கிக் கொடுத்தா படிச்சிடுவானா?" இந்த மாதம் மட்டும் என்னிடம் படித்த மூன்று பேர் இப்படிக் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இது அறிவுக் குறைவும் அல்ல, சோம்பலும் அல்ல. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் வரும் சிரமம். தமிழில் 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது. ஒலியோ நடுவில் உள்ள 'க'வில் தொடங்குகிறது. ல, ள, ழ குழப்பம் வேறு. நமக்குப் பழகிவிட்டது. அந்தப் பிள்ளை ஒவ்வொரு சொல்லிலும் மூச்சு வாங்குகிறது.

இங்கே கருவி உதவும். பாடத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டும் வசதி சாதாரண போனிலேயே உண்டு. வாசிக்கும் சொல்லை வண்ணமிட்டுக் காட்டும் செயலிகளும் இருக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்கலாம், வரி இடைவெளியைக் கூட்டலாம். வாசிக்கத் திணறும் பிள்ளை அறிவியலையும் வரலாற்றையும் காதால் கேட்டு வகுப்போடு சேர்ந்து வரும்.

ஆனால் போனில் வருவதெல்லாம் உதவாது. கரும்பலகையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதும், ஸ்கேன் செய்த பிடிஎஃப்பும் வெறும் படங்கள்தான். பெரிதாக்கினால் வரி திரையை விட்டு வெளியே ஓடும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் உண்டு. அவற்றில் பிழை வரும் என்பதால் பெரியவர் ஒருவர் சரிபார்க்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், வாசிக்கும் குரல் ஏதேதோ உளறும்.

சோதிப்பது எளிது. அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லி நீங்களே கேட்டுப் பாருங்கள். உங்களுக்கே புரியாதது பிள்ளைக்கு எப்படிப் புரியும்?

இன்னொன்று. டேப் பாடத்தைச் சொல்லும். வாசிக்கக் கற்றுத் தராது. அதற்குத் தினமும் கால் மணி நேரமாவது பக்கத்தில் உட்கார்ந்து, ஒலியையும் எழுத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் ஆள் வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இடம்பெற்றிருக்கிறது. உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் கிடைக்கும். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப்பாடத்தைப் போட்டோவாக அனுப்பாமல் யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். உங்களுக்குப் பத்து நிமிட வேலை. வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை அதற்காகக் காத்திருக்கலாம்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்