சராசரிக்கு அகப்படாதது

வங்கியில் ஒரு மனிதனை அவனுடைய சராசரி இருப்பால் அறிகிறோம். விமர்சனத்தில் கவிஞனை அவன் காலத்தால், வர்க்கத்தால், மரபால். இரண்டு தொழிலிலும் இருக்கிறவன் நான். ஆங்கில இலக்கியம் படித்த எனக்கு குவாண்டம் வேதியியலில் ஒரு பிரச்னை நெருக்கமாகப் பட்டதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஹார்ட்ரீ-ஃபாக் முறையில் ஒவ்வொரு எலெக்ட்ரானும் மற்றவற்றின் சராசரிப் புலத்தில் இயங்குவதாகக் கொள்கிறார்கள். ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டே எலெக்ட்ரான்கள். இம்முறையில் ஒன்றுக்கு மற்றது எங்கே என்று தெரியாது. அதன் பரவிய சாயை மட்டும்தான் தெரியும். நிஜத்திலோ அவை கணத்துக்குக் கணம் ஒன்றுக்கொன்று ஒதுங்கி நடக்கின்றன. அதனால் அவற்றிடையே விலக்கம் குறைந்து ஆற்றல் தாழ்கிறது. இந்தத் தாழ்வே ஒட்டுறவு ஆற்றல். 1959-ல் லெவ்தின் இதை வரையறுத்தார்: சார்பியல் விளைவுகளை நீக்கிய சரியான ஆற்றலுக்கும் ஹார்ட்ரீ-ஃபாக் எல்லைக்கும் உள்ள வித்தியாசம்.

வித்தியாசம் சிறியது. ஆனால் தனித்தனி ஹைட்ரஜன் அணுக்களில் ஆளுக்கு ஒரு எலெக்ட்ரான்தான்; அங்கே ஒதுங்க யாருமில்லை. பிணையும்போதுதான் ஜோடி உண்டாகிறது. ஆகவே பிழை இருபக்கமும் கழிந்துபோகாமல் முழுவதும் பிணைப்பின் தலையில் விழுகிறது. நிஜமான பிணைப்பாற்றல் 4.75 எலெக்ட்ரான்வோல்ட், சராசரி தருவது 3.64.

ஃப்ளூரின் மூலக்கூறில் விபரீதம் முற்றுகிறது. மொத்த ஆற்றலில் 99 சதவீதத்துக்கு மேல் ஹார்ட்ரீ-ஃபாக் சரியாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் இரண்டு அணுக்களும் பிரிந்திருப்பதே மேல் என்கிறது. அதாவது அப்படியொரு மூலக்கூறே கிடையாது. மொத்தம் 5,400 எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல்; பிணைப்போ சுமார் 1.6. விடுபட்ட ஒரு சதவீதத்துக்கும் குறைந்த பங்கில்தான் அது இருக்கிறது.

1933-லேயே ஜேம்ஸும் கூலிட்ஜும், கணிப்பொறி இல்லாத காலத்தில், இரு எலெக்ட்ரான்களுக்கு இடையிலுள்ள தூரத்தையே அலைச்சார்புக்குள் வைத்து ஹைட்ரஜனுக்கு 4.72 பெற்றார்கள். சராசரியைச் செப்பனிடுவதற்குப் பதில் இருவரையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தார்கள்.

விஞ்ஞானத்தை இலக்கியத்துக்குச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு உவப்பானதல்ல. எலெக்ட்ரானுக்கு நம் சண்டைகள் தெரியாது. ஆனால் ஒரு கவிதையின் பின்புலத்தை எல்லாம் விளக்கிவிட்டு, 'மிச்சம் கொஞ்சம்தானே' என்று எழுந்துவிடும் விமர்சனத்தின்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பின்புலம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு சொற்கள் ஒன்றுக்கொன்று எப்படி இடம் விடுகின்றன என்று பார்க்காதவரை, எதிரில் இருப்பது கவிதையா, உதிரிச் சொற்களா என்று அது சொல்ல முடியாது.