‘பிகாஸ்’ போட்டால் ஆதாரம் கேட்ட மிஸ்ஸுக்கு

அன்புள்ள மிஸ்,

உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தும், ஊரே படிக்கும்படி இதை எழுதுகிறேன். காரணம் உண்டு. செம்பரம்பாக்கத்தில் உங்களிடம் டியூஷன் படித்த கூட்டம் இன்று பூந்தமல்லி, இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எந்தக் கல்யாணத்தில் பார்த்துக்கொண்டாலும், “மிஸ் கிராமர் சூப்பரா நடத்துவாங்கல்ல” என்று ஒரே வரியில் உங்களை முடித்துவிடுகிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. கிராமர் நடத்தாத டியூஷன் சென்டர் உண்டா? நீங்கள் நடத்தியது அந்த வார்த்தைக்குள் அடங்காது.

பரீட்சைக்கு வேண்டியதையும் குறை வைக்காமல்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். ‘பிகாஸ்’ போட்டால் பின்னால் முழு வாக்கியம் வர வேண்டும், ‘பிகாஸ் ஆஃப்’ போட்டால் பெயர்ச்சொல் போதும். ‘ஹவெவர்’ வந்தால் அதற்கு முன்னால் கமா போதாது, முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். ‘ஆல்தோ’ இருந்தால் ‘பட்’ கிடையாது. இதெல்லாம் ரென் அண்ட் மார்ட்டினைப் புரட்டினாலும் கிடைக்கும். ஆனால் ‘ஆல்தோ’வோடு ‘பட்’டையும் சேர்த்து எழுதிய பிள்ளையைத் திட்டாமல், கை ஏன் அப்படிப் போகிறது என்று விளக்கிய ஆள் நீங்கள்தான். “மழை பெய்தாலும் வந்தான்” என்று நாம் சொல்லும்போது இணைப்பு இரண்டு செய்திக்கும் நடுவில், வினையின் வாலில் இருக்கிறது. இங்கிலீஷில் ‘ஆல்தோ’ தலையிலேயே வந்து நின்றுவிடுகிறது. நடுவில் வெறும் கமா. பழகிய இடம் காலியாக இருக்கிறதே என்று கை தானாகப் போய் அங்கே ஒரு ‘பட்’டைப் போடுகிறது. காரணம் தெரிந்த பிறகு எங்கள் செட்டில் அந்தத் தப்பு குறைந்துபோனது.

நான் நன்றி சொல்ல வந்தது இதற்கு அடுத்து நடந்த பாடத்துக்கு.

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்து பள்ளிக்கூடம் திறந்த சமயம் அது. டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை, நம் செம்பரம்பாக்கத்தில் 47. ஏரியின் முழு மட்டம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. அன்று இரவு வினாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்டார்கள். ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று அடையாற்றின் கரையெல்லாம் தண்ணீர். சிட்டியிலிருக்கும் சொந்தக்காரர்கள், “உங்க ஊரு ஏரிதான் எங்களை முழுகடிச்சுது” என்று போன் போட்டுத் திட்டினார்கள், ஏதோ நாங்கள் ராத்திரியில் போய் ஷட்டரைத் தூக்கிவிட்டு வந்த மாதிரி.

நீங்கள் போர்டில் மூன்று குட்டி வாக்கியங்களை இங்கிலீஷில் எழுதினீர்கள். பெருமழை பெய்தது. ஏரி திறக்கப்பட்டது. ஊர் மூழ்கியது. “சேர்த்து எழுதுங்க” என்றீர்கள். ஏரி திறந்ததால் ஊர் மூழ்கியது என்று மொத்தப் பேரும் ‘பிகாஸ்’ போட்டு நீட்டினோம். “எந்த ஊர்?” என்று கேட்டீர்கள். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “முடிச்சூர் மிஸ், எங்க அத்தை வீடு கீழ் போர்ஷன் மொத்தமும் போச்சு” என்றாள்.

நீங்கள் சாக்பீஸால் ஆற்றை வரைந்தீர்கள். மணிமங்கலம் பக்கத்தில் கிளம்பி, முடிச்சூரைத் தாண்டி வருகிற அடையாற்றில், திருநீர்மலை அருகில்தான் நம் ஏரியின் உபரிநீர் போய்ச் சேர்கிறது. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. அங்கே வீடுகளுக்குள் புகுந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளிலிருந்து வந்த தண்ணீர். கோட்டூர்புரத்துக்கு எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றும் ‘பிகாஸ்’, முடிச்சூருக்குச் செல்லாது. அத்தை வீட்டைச் சொன்னவள் வாயடைத்துப் போனாள். அப்போது நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: “ ‘பிகாஸ்’னு எழுதினா கோர்ட்ல ஏறி சாட்சி சொல்ற மாதிரி. பார்க்காதவங்க ‘ஆஃப்டர்’னு எழுதிட்டு இறங்கிடுங்க. முதல்ல இது நடந்துச்சு, அப்புறம் அது நடந்துச்சு. தப்பே இல்ல.”

அதோடு விட்டீர்களா? கோட்டூர்புரத்துக்கே ‘பிகாஸ்’ போதுமா என்று கிளப்பிவிட்டீர்கள். பெருமழை பெய்தது, ‘ஸோ’ ஏரியைத் திறந்தார்கள் என்றால் அது திறந்தவர்கள் பக்கத்து நியாயம். மழை வரும் என்று எச்சரிக்கை இருந்தது, ‘ஹவெவர்’ முன்கூட்டியே போதுமான அளவு திறக்கவில்லை என்றால் அது குற்றச்சாட்டு. நான் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தபோது, 2018-இல், இந்த வெள்ளம் பற்றிய மத்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. மனிதர்களால் வந்த பேரிடர் என்றது அந்த அறிக்கை. அரசுத் தரப்பு வரலாறு காணாத மழையைக் காட்டியது. மழை பெய்ததையும் யாரும் மறுக்கவில்லை, மதகு திறந்ததையும் மறுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் எந்தச் சொல்லை வைப்பது என்பதில்தான் அடிதடி. பேப்பரில் அதைப் படித்தபோது, உங்கள் போர்டில் ஏற்கெனவே பார்த்துவிட்ட விஷயமாக இருந்தது.

மொழியியலாளர்கள் ஹாலிடே, ருக்கையா ஹசன் இருவரும் 1976-இல் எழுதிய புத்தகம் ஒன்று இந்த இணைப்புச் சொற்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது: சேர்ப்பவை, மாறுபடுபவை, காரணம் காட்டுபவை, காலவரிசை சொல்பவை. நீங்கள் அந்தப் பெயர்களையெல்லாம் சொன்னதில்லை. மூன்றாவது வகைதான் செலவு பிடிப்பது என்று மட்டும் புரியவைத்தீர்கள்.

எனக்கு அந்தச் செலவு இப்போது தினசரி உண்டு. ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். கஸ்டமரிடமிருந்து ரிஜெக்‌ஷன் வந்தால் ‘ஒய்-ஒய் அனாலிசிஸ்’ எழுத வேண்டும், அதுவும் இங்கிலீஷில். டொயோட்டாவிலிருந்து வந்த முறை. அங்கே இருந்த தாய்ச்சி ஓனோ சொன்ன உதாரணம் ஷாப் ஃப்ளோரில் எல்லாருக்கும் தெரியும்: மெஷின் நின்றது, ஏனென்றால் ஓவர்லோடில் ஃபியூஸ் போனது, ஏனென்றால் பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை, ஏனென்றால் பம்ப் சரியாக இழுக்கவில்லை, ஏனென்றால் பம்பின் ஷாஃப்ட் தேய்ந்திருந்தது, ஏனென்றால் வடிகட்டி இல்லாமல் இரும்புத்தூள் உள்ளே போனது. எழுதி முடித்ததும் கீழிருந்து மேலாக ‘தேர்ஃபோர்’ போட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் இடித்தாலும் அந்த ‘பிகாஸ்’ பொய்.

இந்த வேலையில் ரொம்பச் சுலபமான ‘பிகாஸ்’ ஒன்று இருக்கிறது மிஸ்: ஆபரேட்டர் கவனக்குறைவு. பிராக்கெட்டில் துளை பெரிதாகப் போனதா, ஆபரேட்டர் கவனிக்கவில்லை என்று எழுதி, டிரெய்னிங் கொடுத்தோம் என்று கையெழுத்து வாங்கி ஃபைலை மூடிவிடலாம். கான்ட்ராக்ட் பையன் ஒருத்தனுக்கு மறுநாள் கேட் பாஸ் இருக்காது. ஒரு முறை அப்படி வந்த டிராஃப்டை நான் ‘தேர்ஃபோர்’ வைத்துப் படித்துக் காட்டினேன். பையன் கவனிக்கவில்லை, ஆகவே துளை பெரிதானது. கவனித்திருந்தால் டிரில் சின்னதாகியிருக்குமா? போய்ப் பார்த்தோம். டிரில்லுக்கு வழிகாட்டும் புஷ் தேய்ந்திருந்தது. அதை எப்போது மாற்ற வேண்டும் என்று செக் ஷீட்டில் ஒரு கட்டமே இல்லை. பையன் இன்னும் வேலையில் இருக்கிறான். உங்கள் பெயர் அவனுக்குத் தெரியாது.

கனடா போவதற்காக ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் தேர்வு எழுதும் என் சித்தி மகன் கோச்சிங்கில் கொடுத்த பட்டியலை உருப்போட்டு, பாராவுக்குப் பாரா ‘மோர்ஓவர்’, ‘ஃபர்தர்மோர்’ என்று தூவுகிறான். அந்தத் தேர்வில் எழுத்துக்கான மதிப்பெண்ணில் கால் பங்கு கோர்வைக்குத்தான். ஆனால் 9 பேண்டுக்கான வரையறையே, இணைப்பு கிட்டத்தட்ட கண்ணிலேயே படாமல் இருக்க வேண்டும் என்பது. பெல்ஜியத்தில் சில்வியான் கிரேஞ்சரும் ஸ்டெஃபனி டைசனும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்கள் இங்கிலீஷ் கட்டுரைகளில் ‘மோர்ஓவர்’ போன்றவற்றை அதிகமாகவும் ‘ஹவெவர்’, ‘தேர்ஃபோர்’ போன்றவற்றைக் குறைவாகவும் எழுதியது தெரியவந்தது. நம் பிள்ளைகள் மட்டும் இல்லை என்று ஓர் ஆறுதல். சும்மா அடுக்குவதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை, அதனால்தான் போலிருக்கிறது. அவன் கட்டுரையில் பாதி ‘மோர்ஓவரை’ அடித்துவிட்டு, மிச்சத்துக்கு, ‘ஆதாரம் எங்கே’ என்ற உங்கள் கேள்வியைக் கேட்டேன். முறைத்துக்கொண்டு போனான். திரும்பி வருவான்.

அக்கா மகள் வருகிற ஜூனில் ஒன்பதாவது போகிறாள். வாய் ஜாஸ்தி, எதற்கெடுத்தாலும் தம்பிதான் காரணம் என்பாள். உங்களிடம்தான் அனுப்பப்போகிறேன், சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபீஸ் இப்போது எவ்வளவு என்று சொல்லி அனுப்புங்கள் மிஸ். பழைய ஸ்டூடண்ட் வீட்டுப் பிள்ளை என்று குறைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
முன்வரிசையில் உட்கார்ந்து ‘பிகாஸ்’ போட்டவர்களில் ஒருத்தி