குறிப்புப் பக்கம் இல்லாத கோப்பு

உலகம் கொண்டாடிய ஒரு படைப்பில் குறை காண்பது நம் போன்றோர்க்குத் தகுமா என்னும் தயக்கத்துடனேயே இதனை எழுதத் தொடங்குகிறோம். ரிச்சர்டு அட்டன்பரோ இயக்கி 1982-இல் வெளிவந்த ‘காந்தி’ திரைப்படம் 8 ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. படத்தொகுப்புக்கான விருதும் அவற்றுள் ஒன்று. நமது மனக்குறையோ அந்தப் படத்தொகுப்பைப் பற்றியதே!

அப்படத்தோடு நம் குடும்பத்திற்கு ஓர் உறவும் உண்டு. அண்ணலின் இறுதி ஊர்வலக் காட்சியை 1981 ஜனவரி 31 அன்று தில்லி ராஜபாதையில் படமாக்கினார்கள். அன்று திரண்ட லட்சக்கணக்கானோருள், அரசுப் பணியின் பொருட்டுத் தில்லிக்கு வந்து குடியேறிய நம் தந்தையாரும் ஒருவர். கூலி எதுவும் பெறாமல், விடியற்காலைக் குளிரிலேயே சென்று நின்றாராம். “காந்தியை நேரில் காணக் கொடுத்து வைக்கவில்லை, வழியனுப்பவாவது வாய்த்ததே” என்பார். பல மணி நேரம் அவர் நின்ற அந்தக் காட்சி, திரையில் ஏறத்தாழ 2 நிமிடங்களே ஓடுகிறது. அதில் தம் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்து, கடைசிவரை காணாமலேயே அவர் காலமானார். அதற்காக நாம் குறைப்பட்டுக் கொள்ளவில்லை. வெட்டாமல் படம் ஏது?

சென்ற காந்தி ஜயந்தியன்று, உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மகளுடன் வீட்டில் அமர்ந்து அதனை மீண்டும் பார்த்தோம். 3 மணி நேரத்திற்கும் மேலாக ஓடி முடிந்ததும் அவள் கேட்டாள்: “அப்பா, இவர் எல்லாவற்றையும் இவ்வளவு சீக்கிரமாகவா முடிவு செய்தார்?”

அக்கேள்வி நம்மை உலுக்கிவிட்டது. 1893-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் ரயிலிலிருந்து தள்ளப்பட்ட இளம் வழக்கறிஞர், சிறிது நேரத்திற்கெல்லாம் 1915-இல் பம்பாய்த் துறைமுகத்தில் தலைவராக வந்து இறங்கிவிடுகிறார். அந்த 21 ஆண்டுகளில் அவரைச் செதுக்கியவர்களுள் நம் தமிழ்க் கூலித் தொழிலாளர்களும் உண்டல்லவா? முதலாளியிடம் அடிபட்டு, பல் உடைந்து, குருதி ஒழுக அவரிடம் வந்து நின்ற பாலசுந்தரம் எங்கே? அதே பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரின் சிறையில் நோயுற்று, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மை எங்கே? அவர்கள் இல்லாமையால் தமிழர்க்கு மட்டுமா நட்டம்? காந்தி எவ்வாறு காந்தியானார் என்பதே காணாமற் போய்விடுகிறது.

ஆடைத் துறவையே எடுத்துக்கொள்வோம். ஆற்றங்கரையில் ஓர் ஏழைப் பெண்ணைக் கண்டு, தம் மேல்துணியை நீரில் மிதக்க விடுகிறார் அண்ணல். உருக்கமான காட்சிதான். ஆயினும் அரையாடை பூணும் எண்ணம் அவருக்கு இருமுறை எழுந்து, இருமுறையும் தயங்கி, 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் துணிவாயிற்று. அத்தயக்கத்திற்குப் படத்தில் இடமில்லை. 24 நாள் நடந்த தண்டி யாத்திரையும் சில நிமிடங்களில் கடற்கரையை எட்டிவிடுகிறது. இவ்வாறு விரைந்து மிச்சப்படுத்திய நேரமெல்லாம் வைசிராய் மாளிகை உரையாடல்களிலும் வெளிநாட்டு நிருபர்கள் மீதும் நிதானமாகச் செலவாகிறது.

அலுவலகக் கோப்புகளோடு காலம் கழிப்பவர்கள் நாம். கோப்பில் ஆணை ஒரு வரிதான் இருக்கும். அதற்கு முன்னுள்ள குறிப்புப் பக்கங்களில்தான் ஐயங்களும் மறுப்புகளும் ‘மீண்டும் பரிசீலிக்க’ என்னும் வரிகளும் கிடக்கும். ஆணை ஏன் பிறந்தது என்பதை அவற்றைப் புரட்டினால்தான் அறியலாம். இப்படம் நமக்கு ஆணைகளைக் காட்டிற்று. குறிப்புப் பக்கங்களைக் கிழித்துவிட்டது.

குறை மட்டுமே கூறினால் நன்றி கொன்றவராவோம். பென் கிங்ஸ்லியின் நடிப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. தாராசனா உப்பளத்தில் தொண்டர்கள் வரிசை வரிசையாக வந்து தடியடி பட்டு விழும் காட்சியில் படம் பொறுமை காக்கிறது. ஒரு வரிசை விழ, மறு வரிசை வருகிறது. நம் மூச்சு நின்றுவிடுகிறது. மற்ற இடங்களிலும் இப்பொறுமை இருந்திருக்கலாகாதா என்பதே நம் ஆதங்கம். ஒரு மனிதரின் வாழ்வு முழுவதையும் ஒரே கதையில் அடக்க இயலாது எனப் படமே தொடக்கத்தில் ஒப்புக்கொள்கிறது. அதனை நாமும் ஏற்கிறோம். எதை அடக்குவது, எதை விடுப்பது என்பதில்தான் வழக்கு.

அன்றிரவு மகளை அருகில் இருத்தி, பாலசுந்தரத்தையும் வள்ளியம்மையையும் மதுரையையும் பற்றிச் சொன்னோம். பாட்டனார் குளிரில் நின்ற கதையையும் சொன்னோம். அவள் எழுந்து சென்று, அந்த ஊர்வலக் காட்சியை மீண்டும் ஓடவிட்டாள். அங்கங்கே நிறுத்தி, ஒவ்வொரு முகமாகத் தேடினாள். பாட்டனார் அகப்படவில்லை.

“பரவாயில்லை அப்பா, இங்கேதான் எங்கேயோ நிற்கிறார்” என்றாள்.

வரும் விடுமுறையில் அவளை மதுரைக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம்.