தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு பகல்

நாகர்கோவிலிலிருந்து கருங்கல் வழியாகத் தேங்காய்ப்பட்டணம் செல்லும் பேருந்தில் அமர்ந்தால், வாழைத் தோட்டமும் தென்னந்தோப்புமாக வழி நீண்டு இறுதியில் கடல் மணலில் போய் முடிகிறது. குழித்துறைத் தாமிரபரணி அரபிக்கடலோடு கலக்கும் இடத்திலேயே மீன்பிடித் துறைமுகம். ஆற்றுக்கு அப்பால் இரயுமன்துறை முதல் நீரோடி வரை அடுத்தடுத்துக் கடற்கரைச் சிற்றூர்கள். ஊருக்கு ஊர் ஆலயக் கோபுரங்கள். ஆழ்கடலில் பல வாரங்கள் தங்கிச் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள் இம்மக்கள். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இவ்வூர்களின் தந்தையரையும் மைந்தரையும் கொண்டு சென்றதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

நான் சென்றது ஜூலைத் திங்களின் கடைசி வாரம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலமாதலால் துறையெங்கும் வண்ணம் பூசும் வேலையும் வலை பின்னும் வேலையும் மும்முரமாய் நடந்தன. எனக்கு அறிமுகமான சிராங்கு ஒருவர் மட்டும் முகம் வாடியிருந்தார்.

“எக்கோ சரியில்லை சார். திரையைப் பார்த்தால் கடலுக்குள்ளே மழை பெய்கிற மாதிரி இருக்கு” என்றார்.

எக்கோ சவுண்டர் என்னும் கருவி படகின் அடியிலிருந்து ஒலித்துடிப்பைக் கீழே அனுப்பி, அது திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தையும் மீன்கூட்டத்தையும் காட்டுவது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். எனவே 75 மீட்டர் ஆழத்து மீனிலிருந்து எதிரொலி வர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. அவ்வாறு திரும்பி வரும் ஒலி மிக மெல்லியது. படகிலுள்ள வேறு மின்கருவிகளின் இரைச்சல் அதனோடு கலந்துவிட்டால், இல்லாத மீன்கள் திரையில் தோன்றும். இருக்கும் மீன்கள் மறையும்.

அப்படித்தான் சென்ற பயணத்தில் நேர்ந்தது. பொய்ப்புள்ளிகளை நம்பித் தூண்டில் இட்டு மூன்று நாள் எண்ணெய் வீணாயிற்று. திரும்பும்போதோ, பொழிமுகத்தில் ஆழ எண் நிலைகொள்ளாமல் தாவிற்று. மணல் மேடிட்டு அலை புரளும் இந்த முகத்துவாரத்தில் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போயிருப்பதை இங்குள்ள குழந்தையும் சொல்லும். பழுது பார்ப்பவர் ஒருவர் புதிய கருவி வாங்கச் சொல்லிவிட்டாராம். பங்குக்காரர்களோ மீண்டும் கடன் வாங்க அஞ்சினர்.

அன்று வந்த மின்வேலைக்கார இளைஞர் கருவியைத் திறக்கவே இல்லை. முதலில் எஞ்சினை நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைத்து, பேட்டரியில் மட்டும் எக்கோவை இயக்கினார். திரை தெளிந்தது! எஞ்சினை இயக்கியதும் புள்ளிகள் மீண்டும் சொரிந்தன. வேகம் கூட்டக் கூட்டப் பெருகின. பின்னர், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, படகின் அடியிலிருந்து வரும் ஒலிக்கம்பியைக் கருவியிலிருந்து கழற்றினார். புள்ளிகள் மறைந்தன. ஆகவே இரைச்சல் மின்னூட்டும் கம்பி வழியாக அன்று, ஒலிக்கம்பி வழியாகவே நுழைகிறது என்று கண்டார்.

எஞ்சின் அறையில் இறங்கித் தேடியபோது குற்றம் வெளிப்பட்டது. சென்ற ஆண்டு வண்ணம் பூசியவர்கள், பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று, ஒலிக்கம்பியையும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குச் செல்லும் தடித்த கம்பியையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருந்தனர். எஞ்சிய நீளத்தையும் வளையமாகச் சுற்றி அங்கேயே தொங்கவிட்டிருந்தனர். அழகாகத்தான் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஒலிக்கம்பியைப் பிரித்துப் படகின் மறுபக்கமாகக் கொண்டுபோனார். தவிர்க்க முடியாமல் குறுக்கிடும் ஓரிடத்தில் செங்குத்தாகக் கடக்க விட்டார். மிகுதியை வெட்டவில்லை, சுற்றாமல் தளர்வாகக் கிடத்தினார். கருவிக்கு மின்சாரம் நேரே பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக வருமாறும் செய்தார்.

இன்னும் சில புள்ளிகள் இருந்தன. சுக்கான் அறையின் எல்.இ.டி. விளக்கை அணைத்தபோது அவையும் போயின. அதன் கம்பியில் ஃபெரைட் வளையம் ஒன்றை மாட்டியதும் விளக்கும் எரிந்தது, திரையும் தெளிவாயிருந்தது. கடைசியாகச் சாய்வாக ஓடிய ஒரு கோடு மட்டும் எவராலும் விளங்கவில்லை. அருகில் நின்ற படகிலும் எக்கோவைச் சோதித்துக்கொண்டிருந்தனர்! இரண்டும் ஒரே அலைவரிசை. “அண்ணாச்சி, கொஞ்சம் நிறுத்துங்க” என்று குரல் கொடுத்ததும் கோடு அழிந்தது.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டு அணியத்தில் அமர்ந்திருந்த முதியவர், சிராங்கின் தந்தை, கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை எடுத்து வந்தார். கரையின் மலைகளையும் கோபுரங்களையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கணியம் பார்த்து இடமறிந்த தலைமுறை அவர். திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரத்தில், பவுலடியாரின் கப்பல் கரையை நெருங்கிய இரவில் மாலுமிகள் குண்டுவிட்டு முதலில் இருபது பாகமும், பின் பதினைந்து பாகமும் கண்டார்களே, அதே முறை. முதியவர் குண்டை இறக்கிக் கயிற்றைக் கையால் அளந்தார்.

“இரண்டு பாகம்.”

திரை ஒரு பாகத்துக்குச் சற்று மேல் காட்டியது. கருவி படகின் அடியிலிருந்து அளப்பதால், நீருக்குள் அமிழ்ந்த பகுதியைக் கூட்ட வேண்டும். சிராங்கு விரல்விட்டுக் கூட்டிப் பார்த்துத் தலையசைத்தார். முதியவர் கயிற்றைப் பிழிந்து சுருட்டி, ஈயக்குண்டை மறுபடியும் சுக்கான் அறையின் அதே மூலையில் வைத்தார்.