பெயரோடு வந்த குரல்

வேரா ஹோல் என்ற பெயரை எமது வாசகிகளில் அநேகர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அவருடைய குரல் உங்களில் சிலரின் காதில் எப்போதாவது விழுந்திருக்கலாம். மோபி என்ற அமெரிக்க இசைக்கலைஞர் 1999இல் வெளியிட்ட ‘பிளே’ என்ற இசைத்தட்டில் ‘நச்சுரல் புளூஸ்’ என்றொரு பாட்டு இருக்கிறது. மேளமும் கணினி இசையும் அடித்துக்கொண்டிருக்க, நடுவில் ஒரு வயதுபோன பெண்ணின் குரல் திரும்பத் திரும்ப வரும். அந்த இசைத்தட்டு ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதிலிருந்த எல்லாப் பாட்டுகளுமே விளம்பரங்களுக்கும் திரைப்படங்களுக்கும் விற்கப்பட்டன. அந்தக் குரலுக்குரிய பெண் அப்போது இறந்து 35 வருடங்களாகியிருந்தன. உயிரோடு இருந்த காலத்தில் அவர் செய்த வேலை உடுப்புத் தோய்ப்பதும் வெள்ளைக்கார வீடுகளில் சமைப்பதும்.

அமெரிக்காவின் தெற்கிலுள்ள அலபாமா மாநிலத்தில், லிவிங்ஸ்டன் என்ற சிறிய ஊருக்குப் பக்கத்தில் 1902ஆம் ஆண்டளவில் பிறந்தவர் வேரா ஹோல். இளவயதிலேயே கலியாணம் முடித்தார். கணவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அவர் கொல்லப்பட்டுவிட, மகளை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். இன்று எங்கள் படிவங்களில் ‘பெண் தலைமைக் குடும்பம்’ என்று ஒரு கட்டத்தில் புள்ளடி போடுவோமே, அந்த வாழ்க்கைதான். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த மாவட்டம் அது. ஆனால் அவர்களில் வாக்களிக்க முடிந்தவர்கள் மிகச் சொற்பம். அந்தத் தடைகளை நீக்கிய வாக்குரிமைச் சட்டம் 1965இல் வந்தது. வேரா 1964 ஜனவரியிலேயே கண்மூடிவிட்டார்.

புளூஸ் என்பது கறுப்பின மக்கள் அடிமைத்தனம் முடிந்த பிறகு தங்களுக்கென்று ஆக்கிக்கொண்ட பாட்டு வகை. பிரிவு, கடன், சிறை, வேலைக்களைப்பு, கைவிட்டுப்போன கணவன், காதல், நக்கல் எல்லாம் அதில் வரும். பெரும்பாலும் கிற்றாருடன் பாடுவார்கள். வேராவுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை, வெறும் குரல்தான். தேவாலயத்துக்குப் போகிறவர்கள் புளூஸைப் பாவப் பாட்டு என்று ஒதுக்கிய காலம் அது. வேராவோடு சேர்ந்து பாடிய அவருடைய உறவினர் டொக் ரீட், சமயப் பாட்டைத் தவிர வேறொன்றும் பாடமாட்டேன் என்று நின்றவர். வேராவும் பக்திமான்தான். ஆனாலும் அவர் இரண்டையும் பாடினார். (மோபி எடுத்தது உண்மையில் ஒரு சமயப் பாட்டு. ‘புளூஸ்’ என்று பெயர் வைத்தது அவர்.)

இந்தக் குரலை முதலில் பதிவுசெய்தவர் ஜோன் லோமக்ஸ். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக ஊர் ஊராகத் திரிந்து நாட்டார் பாடல்களைச் சேகரித்தவர். 1933இல் அவர் காரின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு திரிந்த ஒலிப்பதிவுக் கருவி 315 இறாத்தல் நிறை, ஏறத்தாழ 143 கிலோ. அந்த வருடந்தான் லூசியானா மாநிலத்தின் அங்கோலா சிறைச்சாலையில் லெட் பெல்லி என்ற கைதியின் பாட்டைப் பதிவுசெய்தார். லெட் பெல்லி பின்னர் உலகப் புகழ் பெற்றார். அவரைப்பற்றிப் புத்தகங்கள் வந்தன, திரைப்படம் வந்தது. 1937இலும் 1939இலும் 1940இலும் அதே லோமக்ஸுக்குப் பாடிக்கொடுத்த வேரா, பதிவு முடிந்ததும் தன் வேலைக்குத் திரும்பிப் போனார். வட்டத்தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிடந்தான் கொள்ளும். தட்டு முடிகிற இடத்தில் பாட்டும் முடியவேண்டும்.

எனக்கு இந்தக் கதையில் லோமக்ஸைவிட ரூபி பிக்கன்ஸ் டார்ட் என்ற பெண்மீதுதான் கவனம் போனது. அதற்கு என் தொழிலும் ஒரு காரணம். அவர் லிவிங்ஸ்டனைச் சேர்ந்த வெள்ளைக்காரப் பெண், நியூயோர்க்கில் ஓவியம் படித்தவர். பொருளாதார நெருக்கடிக் காலத்தில் அரசாங்கம் தொடங்கிய எழுத்தாளர் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒருகாலத்தில் அடிமைகளாக இருந்த முதியவர்களின் வாய்மொழிக் கதைகளை எழுதினார். எந்த வளவில் யார் இருக்கிறார், யாருக்கு எந்தப் பாட்டு வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். லோமக்ஸை வேராவிடம் சேர்த்தவர் அவர்தான். வெளியிலிருந்து வாகனத்தில் வருபவர்களுக்கும் ஊர்ப் பெண்களுக்கும் இடையில் நிற்கிற ஆள். எங்களைப் போன்ற வெளிக்கள உத்தியோகத்தர்கள் நிற்கிற அதே இடம். இரண்டு பக்கத்தையும் தெரிந்தவள் என்பதால் இரண்டு பக்கமும் எங்களிடந்தான் கேள்வி கேட்கும்.

இன்னொரு பெண்ணையும் சொல்லவேண்டும். 1939இல் லோமக்ஸ் 6,502 மைல் தூரம் பயணம் செய்து பதிவுகள் எடுத்தபோது கூடவே போனவர் அவர் மனைவி ரூபி டெரில் லோமக்ஸ். வெளிக்களக் குறிப்புகளில் பெரும்பகுதியை எழுதியவர் இவர். பாடியவர் பெயர், ஊர், திகதி. கருவியைத் தூக்கியவரின் பெயர்தான் வரலாற்றில் நின்றது. ஆனால் யார் பாடியது என்பதை இரண்டு ரூபிகளும் அக்கறையாய்க் கவனித்ததால்தான் இன்று அந்தக் குரலை ‘யாரோ ஒரு பெண்’ என்று சொல்லாமல் வேரா ஹோல் என்று எங்களால் சொல்ல முடிகிறது.

வேராவின் பாட்டுகளில் மிகவும் பேசப்பட்டது 1940இல் பதிவான ‘அனதர் மான் டன் கோன்’. ஓர் ஆண் போய்விட்டான் என்பதுதான் பாட்டு. சிறைப் பண்ணையிலிருந்து போனவன், காலில் நீளச் சங்கிலி. அவனுடைய பெயர் தனக்குத் தெரியாது, போன இடமும் தெரியாது என்கிறாள் பாடுகிறவள். சில சொற்கள்தான். அவற்றையே திருப்பித் திருப்பிப் பாடுகிறாள். அழுகை இல்லை. அலபாமாவில் கைதிகளைச் சுரங்கங்களுக்குக் குத்தகைக்கு விடும் முறை 1928வரை இருந்தது. அதைக் கடைசியாக நிறுத்திய மாநிலம் அதுதான். அற்பக் குற்றம் சாட்டிப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் கறுப்பின ஆண்கள். ஆகவே அவள் உண்மையிலேயே தெரியாமல் சொல்கிறாளா, தெரிந்துகொண்டே சொல்லாமல் விடுகிறாளா? இரண்டாவது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆள் தப்பி ஓடியிருந்தால், பெயரைச் சொல்வது காட்டிக்கொடுப்பது. ‘தெரியாது’ என்ற சொல்லுக்குள் எத்தனை விடயங்களை ஒளித்து வைக்கலாம் என்பது சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்த எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

வன்னியில் எங்கள் தையல் குழுப் பெண்களுக்கு இந்தப் பாட்டைக் கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் அவர்களுக்கு விளங்காது. மெசின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பாட்டு முடிந்ததும் மூத்த அம்மா ஒருவர் கேட்டார்:

“பிள்ளை, இவவின்ர ஆக்களையும் ஆரும் பிடிச்சுக்கொண்டு போட்டினமோ?”

நான் பாட்டின் பொருளைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “அதுதான் கத்தாமப் பாடுறா” என்றார்.

பிறகு பேச்சு வேறு பக்கம் போனது. இந்த அம்மாவுக்குச் சம்பளம் கொடுத்தார்களா என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. இந்தப் பாட்டைப் பிறகு ஒடெற்றா பாடினார், 1963இல் ஜோனி காஷ் பாடினார். பாட்டின் உரிமையில் வேராவின் பெயரோடு லோமக்ஸ் தந்தை, மகன், டார்ட் அம்மையார் என்று நான்கு பேரின் பெயர் இருக்கிறது. சேகரிக்கிறவரும் பாட்டுக்குச் சொந்தக்காரராகும் வழக்கம் அது. சேகரித்திராவிட்டால் பாட்டே எங்களிடம் வந்திராது என்று அதற்கு நியாயம் சொல்வார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் வேறொருத்தியின் வாயிலிருந்து வந்ததற்குப் பங்கு கேட்பதை என்னால் சரியென்று ஏற்க முடியவில்லை. எங்கள் ஊர்களில் 2009க்குப் பிறகு வந்து எழுதிக்கொண்டும் படம் பிடித்துக்கொண்டும் போனவர்கள் கொஞ்சமா? ஒரே கதையைப் பன்னிரண்டு தடவை சொன்ன பெண்ணை எனக்குத் தெரியும். அவர் கையில் ஒரு பிரதிகூட இல்லை.

1948இல் ஜோன் லோமக்ஸின் மகன் அலன், வேராவை நியூயோர்க்குக்கு அழைத்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த இசைவிழாவில் வேராவும் டொக் ரீட்டும் பாடினார்கள். அந்த நாட்களில் அலன் அவரை இருத்தி, மணிக்கணக்காகத் தன் வாழ்க்கையைச் சொல்லவைத்துப் பதிவுசெய்தார். 1959இல் அது ‘த ரெயின்போ சைன்’ என்ற புத்தகத்தில் வந்தது. அதில் அவர் பெயர் வேரா அல்ல, நோரா.

இந்த இடத்தில்தான் எனக்கு நித்திரை குழம்பியது. சமூகவியல் படித்த காலத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்த ஒழுங்குகளில் ஒன்று, தகவல் தந்தவரின் பெயரை மாற்று என்பது. வெள்ளையர் வீட்டில் வேலைசெய்து பிழைக்கும் கறுப்பினப் பெண் அன்றைய அலபாமாவில் மனந்திறந்து கதைத்தது வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை. பெயரை மறைத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாடியபோது வேரா, தன் வாழ்க்கையைச் சொன்னபோது நோரா. வாசித்தவர்களுக்கு அந்த இரண்டும் ஒரே பெண் என்று தெரியாது. பாதுகாப்புக்காக மறைக்கிற பெயரும் அலட்சியத்தால் விட்டுப்போகிற பெயரும் கடைசியில் ஒரே மாதிரித்தான் தெரியும். எங்கள் அலுவலகக் கோப்புகளில் முதலெழுத்துகளாகவும் இலக்கங்களாகவும் கிடக்கிற பெண்களை நினைத்துக்கொண்டேன். ஆபத்துக் காலத்தில் இட்ட இலக்கம் அது. ஆபத்துக் குறைந்த பிறகு அதைத் திரும்பப் பெயராக்க வேண்டியது யாருடைய வேலை?

2017இலிருந்து வீதியோரத்தில் பிள்ளைகளின் படத்தோடு இருந்த தாய்மார் யாரும் படத்தில் பெயரை மறைக்கவில்லை. பெயரைத் தெரியப்படுத்துவதுதான் அவர்களுடைய போராட்டமே.

வேராவின் 1948ஆம் ஆண்டு நேர்காணலை இன்று அலன் லோமக்ஸின் ஆவணக்காப்பகம் இணையத்தில் யாரும் இலவசமாகக் கேட்கும்படி வைத்திருக்கிறது, அவருடைய சொந்தப் பெயரிலேயே. 2005இல் அலபாமா பெண்கள் புகழ் மண்டபத்திலும் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. தாமதந்தான்.

எங்கள் குழுப் பெண்கள் தங்கள் கதைகளைத் தாங்களே பதிவுசெய்ய இப்போது தொடங்கியிருக்கிறார்கள். பதிவின் ஒரு பிரதி சொன்னவரிடமே இருக்கும், வெளியே கொடுப்பதானால் அவரைக் கேட்டுத்தான் கொடுப்பது என்று முதலில் தீர்மானித்தோம். அடுத்தது பெயர். ஒவ்வொருவராகக் கேட்டேன். ஐந்து பேர் தங்கள் பெயரைப் போடச் சொன்னார்கள். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அதிலொருத்தி மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறாள், முடிந்தபிறகு திரும்பக் கேட்கச் சொன்னாள். அன்று பாட்டைக் கேட்டுக் கேள்வி கேட்ட அம்மா கடைசியாகச் சொன்னார்:

“என்ர பேர் போட்டாலும் சரி, போடாட்டிலும் சரி. என்ர மகன்ர பேரைப் போடு பிள்ளை. முதலெழுத்து மட்டும் போட்டுட்டு விடாத, முழுப்பேரையும் எழுது.”

எழுத்துக்கூட்டிச் சொன்னார். எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு எழுத்தைத் திருத்தச் சொன்னார்.