ஓ.டி. போட்டுவிட்டுப் போன இடத்தில்

ஓ.டி. என்கிற பணிநிமித்த அனுமதியில் கருத்தரங்குக்குப் போய்த் திரும்பியவரிடம் துறையில் முதலில் கேட்பது, "சாப்பாடு எப்படி?" அடுத்தது, "பை குடுத்தாங்களா?" லேப்டாப் பையா, சணல் பையா, வெறும் பிளாஸ்டிக் ஃபைலா என்பதை வைத்தே நடத்திய கல்லூரியின் தரத்தை எடைபோட்டுவிடுவார்கள். பிறகு சான்றிதழை வாங்கி, பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அங்கே யார் என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் இருக்காது என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பதவி உயர்வுக்குப் புள்ளி, கல்லூரியின் தரமதிப்பீட்டுக்குப் புள்ளி என்று சான்றிதழுக்கு மதிப்பு வைத்த பிறகு, வருகிறவர்கள் சான்றிதழைத்தான் சம்பாதிப்பார்கள். மலேசியாவிலிருந்து ஒருவர் ஜூமில் அரைமணி நேரம் பேசினால் அது பன்னாட்டுக் கருத்தரங்கு. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று தொடக்க விழா பதினொன்றரை வரை இழுக்கும். இழுத்த நேரத்தைக் கட்டுரை வாசிக்க வந்த பிள்ளைகளின் பதினைந்து நிமிடத்திலிருந்துதான் கழிப்பார்கள். முன்னுரையை முடிப்பதற்குள் அமர்வுத் தலைவர் மணியடித்துவிடுவார். பிற்பகலில் காலியாகிவிட்ட அரங்கு, சான்றிதழ் கொடுக்கிற நேரத்துக்கு மட்டும் மறுபடி நிறையும்.

இத்தனைக்குப் பிறகும் போகத்தான் வேண்டும் என்பது என் கட்சி. எங்களைப் போன்றவர்கள் கட்டாயம் போக வேண்டும். நான் மாவட்டத் தலைநகர்க் கல்லூரியொன்றில் இயற்பியல் கற்பிக்கிறவன். எங்கள் ஆய்வகத்தில் இருப்பவை ஒரு ஹாட் பிளேட், ஓர் உலை, மெல்லிய படலங்களைத் தெளித்து உருவாக்க நாங்களே கட்டிக்கொண்ட ஸ்பிரே அமைப்பு. எக்ஸ்-ரே பார்க்க வேண்டுமென்றால் சென்னை ஐ.ஐ.டி.யில் வெளியாருக்கும் சோதித்துத் தரும் கருவி மையமான சைஃபுக்கு மாதிரியை அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். பெரிய நிறுவனத்தில் வேலை செய்கிறவருக்குச் சந்தேகம் வந்தால் அடுத்த அறைக் கதவைத் தட்டலாம். எங்களுக்கு அடுத்த அறையில் பொருளாதாரத் துறை.

எங்கள் மாணவர் ஒருவர் துத்தநாக ஆக்சைடு படலம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடி வில்லையை 400 டிகிரிக்குச் சூடாக்கி, துத்தநாக அசிட்டேட் கரைசலை அதன்மேல் தெளிக்க வேண்டும். வெளியான கட்டுரைகள் எல்லாவற்றிலும் இதே குறிப்பு. அவர் செய்தால் மட்டும் படலம் பால் ஊற்றியதுபோல் வெளுத்து வந்தது. கரைசலை மாற்றிப் பார்த்தார், அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தார். ஒரு பருவம் முழுக்க அதிலேயே போயிற்று. அந்த டிசம்பரில் அணுசக்தித் துறை ஆண்டுதோறும் நடத்தும் திடநிலை இயற்பியல் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். அங்கே பெரும்பாலான கட்டுரைகள் போஸ்டராகவே இருக்கும். ஒரு வரிசையின் கடைசியில், ஆளே நிற்காத ஒரு போஸ்டர் அருகே ஆய்வு மாணவி ஒருத்தி தனியாக நின்றிருந்தாள். அவளும் அதே படலத்தைத்தான் செய்திருந்தாள். வரைபடங்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, போஸ்டரில் இல்லாததைக் கேட்டேன்: "உங்களுக்கு வெள்ளையா வந்துதாம்மா, எப்பவாவது?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஆறு மாசம் வந்துது சார். எல்லாரும் 400னு எழுதுறாங்களே, அது ஹாட் பிளேட் காட்டுற டெம்பரேச்சர். கண்ணாடி மேல அவ்வளவு இருக்காது. அதோட விடாம அடிச்சா கண்ணாடி இன்னும் குளுந்துடும். கொஞ்சம் அடிச்சு நிறுத்துங்க, சூடு ஏறட்டும், மறுபடி அடிங்க. தெர்மோகப்பிளைக் கண்ணாடி மேலயே ஒட்டிப் பாருங்க சார், தெரியும்."

இந்த விவரம் அவளுடைய போஸ்டரில் இல்லை. பிறகு அச்சான அவளுடைய கட்டுரையிலும் இல்லை. அங்கேயும் 400 டிகிரி என்றுதான் இருந்தது. கட்டுரை என்பது வெற்றி பெற்ற வழியை மட்டும் நேர்கோடாக வரைந்து காட்டுகிற வடிவம். தோற்ற ஆறு மாதத்துக்கு அதில் இடமில்லை, நடுவரும் அதைக் கேட்பதில்லை. அந்த ஆறு மாதம் ஆட்களிடம்தான் இருக்கிறது. அவர்களும் கேட்டால்தான் சொல்வார்கள். அச்சில் வராததைக் கேட்டு வாங்கத்தான் கருத்தரங்கு. அச்சில் வருவதைத் தெரிந்துகொள்ள ரயில் டிக்கெட் எதற்கு?

அமெரிக்காவில் 1931இல் தொடங்கிய கார்டன் கருத்தரங்குகள் இதை விதியாகவே வைத்திருக்கின்றன. அங்கே பேசப்படுவதை யாரும் மேற்கோள் காட்டக்கூடாது, படம் பிடிக்கக்கூடாது. பிற்பகல் முழுக்க அமர்வே இல்லை. நடந்துகொண்டோ, நீந்திக்கொண்டோ பேசலாம். பதிவாகாது என்று தெரிந்தால்தான் மனிதர்கள் முடிவடையாத வேலையைப் பற்றி வாய் திறப்பார்கள். நம்மூர்க் கருத்தரங்கில் பேச்சாளர் ஸ்லைடை மாற்றுமுன் நாற்பது கைபேசிகள் உயர்கின்றன. எடுத்த படத்தை யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது தனி ஆராய்ச்சிக்குரிய விஷயம்.

தேநீர் இடைவேளைதான் கருத்தரங்கின் உயிர் என்று பலர் சொல்லிவிட்டார்கள். அதற்குச் சான்றாக எல்லாரும் காட்டுவது ஹவாய்க் கதை. 1972 நவம்பரில் ஹொனலூலுவில் பிளாஸ்மிட் என்னும் பாக்டீரியாவின் வளைய டி.என்.ஏ. பற்றி நடந்த கூட்டம் அது. ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி கோயன், சான்பிரான்சிஸ்கோவின் ஹெர்பர்ட் பாயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இரவில் ஒரு கடையில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள். அடுத்த ஆண்டே மரபணுவை வெட்டி ஒட்டும் தொழில்நுட்பம் பிறந்தது. கதை உண்மைதான். ஆனால் சாண்ட்விச்சை மட்டும் பார்க்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கோயனிடம் பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட்டைச் செலுத்துகிற வித்தை இருந்தது, டி.என்.ஏ.வைத் துல்லியமாக வெட்டுகிற நொதி இல்லை. அந்த நொதி பாயரிடம் இருந்தது. தன்னிடம் இல்லாதது எது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்ததால்தான் அந்தச் சாப்பாடு பலித்தது. இருவருடைய ஆய்வகங்களுக்கும் இடையே ஒரு மணி நேரக் கார்ப் பயணம்தான் என்பது இன்னொரு வேடிக்கை. பக்கத்து ஊர்க்காரர்கள் சந்தித்துப் பேசப் பசிபிக் கடலைத் தாண்ட வேண்டியிருந்தது.

அதனால் கிளம்புவதற்கு முன்பே ஒரு கேள்வியைத் தயார் செய்துகொள்கிறேன். தட்டோடு வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கிறவரிடம் இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடிகிற கேள்வியாக அது இருக்க வேண்டும். 'உங்க ஆராய்ச்சி எதைப் பத்தி?' என்று கேட்டால் மனப்பாடமான பதில் வரும். 'எங்களுக்குப் படலம் வெளுத்துப் போகுது, ஏன்?' என்று கேட்டால் அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார். முதல் நாள் இரவே கட்டுரைச் சுருக்கங்களின் தொகுப்பைப் படித்து யாரிடம் கேட்கலாம் என்று குறித்துக்கொள்வேன். பெரிய பெயர்களை நான் குறிப்பதில்லை. அவர்களைச் சுற்றிச் செல்ஃபிக்கு நிற்கிறவர்களைத் தாண்ட முடியாது. தாண்டினாலும் ஹாட் பிளேட்டைத் தொட்டு அவர்களுக்குப் பல வருடம் ஆகியிருக்கும். அவர்களுடைய மாணவர்களுக்குத்தான் விவரம் தெரியும்.

நம்மவர்கள் சாப்பிடும் விதத்தையும் சொல்ல வேண்டும். ஒரே கல்லூரியிலிருந்து ஐந்து பேர் வந்தால் ஐந்து பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, தங்கள் முதல்வரைப் பற்றிப் பேசிவிட்டு எழுவார்கள். அதைக் கல்லூரி கேன்டீனிலேயே செய்யலாம். கூச்சம் ஒரு காரணம், ஆங்கிலம் இன்னொன்று. அரங்கில் எழுந்து ஆங்கிலத்தில் கேட்கத் தயங்குகிற மாணவர்களிடம் நான் சொல்வது: வெளியே வந்ததும் தமிழில் கேளுங்கள். பேசியவர் திருநெல்வேலிக்காரராகவோ சேலத்துக்காரராகவோ இருக்க நிறைய வாய்ப்புண்டு. தமிழில் கேட்டதும் அவரும் இறுக்கம் தளர்ந்து, மேடையில் மழுப்பியதை உடைத்துச் சொல்வார். அரங்கிலேயே கேட்பவர்களில் பாதிப் பேருக்குக் கேள்வியே இல்லை என்பதும் உண்மை. "இது கேள்வியல்ல, ஒரு கருத்து" என்று தொடங்கித் தங்கள் ஆய்வேட்டை ஒப்பிப்பார்கள்.

கடைசி நாள் வரை இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி தர்க்கவியலாளர் கர்ட் கோடல். 1930 செப்டம்பரில் கோனிக்ஸ்பர்க் நகரில் கணித அடிப்படைகளைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. அவருக்கு வயது 24. தம் கட்டுரையை வாசித்தபோது அவர் புதிதாக எதையும் உடைக்கவில்லை. மறுநாள் பொது விவாதத்தில், உண்மையாக இருந்தும் கணித அமைப்புக்குள்ளேயே நிறுவ முடியாத கூற்றுகள் உண்டு என்று போகிற போக்கில் சொன்னார். அந்த நூற்றாண்டுத் தர்க்கவியலின் மிகப் பெரிய செய்தி அது. கூட்டம் அதைப் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் மட்டும் விவாதம் முடிந்ததும் அவரைத் தனியே இழுத்துப்போய்த் துருவித் துருவிக் கேட்டார். நவம்பரில், அதன் அடுத்த விளைவையும் தாம் கண்டுவிட்டதாக அவருக்குக் கடிதம் எழுதினார். கோடல் அதையும் ஏற்கெனவே முடித்து வைத்திருந்தார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மதியமே கிளம்புகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விவாதம் நினைவுக்கு வரும்.

வராந்தாப் பேச்சைப் புகழ்ந்துகொண்டே போகவும் மனம் வரவில்லை. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகத்தின் கூட்டத்தில் சுப்பிரமணியன் சந்திரசேகர் பேசினார். அவருக்கும் அப்போது 24 வயது. குறிப்பிட்ட நிறைக்கு மேற்பட்ட நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்ததும் வெண்குள்ளன் என்ற சிறு விண்மீனாக அடங்க முடியாது என்பது அவர் கணக்கு. அடுத்துப் பேசிய புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் அதைக் கேலி செய்து அரங்கைச் சிரிக்க வைத்தார். பதில் சொல்லச் சந்திரசேகருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. பிற்பாடு தனியே கேட்டபோது, பாலி உள்ளிட்ட பெரிய இயற்பியலாளர்கள் அவர் பக்கமே நியாயம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஒருவரும் அதைப் பொதுவில் சொல்லவில்லை. அதே ஆண்டு பாரிஸில் நடந்த வானியல் கூட்டத்திலும் இதே கதைதான். அவர் அந்தக் கணக்கையெல்லாம் 1939இல் ஒரு நூலாக்கிவிட்டு வேறு துறைக்குப் போனார். நோபல் பரிசு 1983இல் வந்தது. தேநீர்க் கோப்பையோடு தோளில் தட்டிக்கொடுக்கிறவர்களின் ஆதரவு எவ்வளவு தூரம் வரும் என்பதை இளைஞர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வராந்தாவில் தகவல் கிடைக்கும், துணிச்சல் கிடைக்காது.

திரும்பி வந்ததும் கடிதம் எழுத வேண்டும், ஒரு வாரத்துக்குள். 'தங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி' என்று எழுதினால் பதில் வராது. அவர் சொன்னதைச் செய்து பார்த்து, வந்த முடிவை, தோல்வியானாலும் சரி, ஒரு படத்தோடு அனுப்பினால் பெரும்பாலும் வரும். அந்த மாணவிக்கு அப்படித்தான் எழுதினோம். அவளுடைய வழிகாட்டி இப்போது எங்கள் மாதிரிகளையும் தம் கருவியில் வைத்துப் பார்த்துத் தருகிறார்.

கூட்டம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மயிலாப்பூரில் இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் தம் வீடான ஏகாம்ர நிவாஸில் மாணவர்களைக் கூட்டிவைத்து இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். 1960இல் வந்த இயற்பியலாளர் நீல்ஸ் போர் அந்தச் சிறு குழுவைப் பார்த்து வியந்தார். செய்தி நேரு வரை போயிற்று. 1962 ஜனவரியில் கணித அறிவியல் நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. அதன் தொடக்க விழாவுக்குச் சந்திரசேகரும் வந்திருந்தார்.

எங்கள் துறையில் அந்த அளவுக்கு ஆசையெல்லாம் கிடையாது. ஓ.டி.யில் போய் வந்தவர், சான்றிதழ் நகலை அலுவலகத்தில் கொடுக்குமுன், மாலை டீக்குப் பிறகு பத்து நிமிடம் தமிழில் பேச வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அச்சில் இல்லாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதை மேலும் யாரிடம் கேட்கலாம் என்று ஒரு பெயரையும் சொல்ல வேண்டும். பெயர் கிடைக்காதவர் மறுமுறை போகும்போது இரண்டு பெயர்கள் கொண்டுவர வேண்டும். இதுவரை யாரும் மறுக்கவில்லை. ஒருவர் மட்டும் பவர்பாயின்ட் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம்.