கைப்பொருளும் கைத்துப்பாக்கியும்

குறைந்த விலையில் நிறைந்த பயன் தரும் பொருளைத் தேடுவது இல்லறத்தார் இயல்பு. அரிசி வாங்கும்போதும் பிள்ளைகளுக்குக் காலணி வாங்கும்போதும் நாம் விலையைக் கேட்கிறோம், தரத்தைப் பார்க்கிறோம், இரண்டுக்கும் இடையே ஓர் இணக்கம் காண்கிறோம். இதில் குறை காண்பார் இலர். ஆயின், உயிரைப் பறிக்க வல்ல ஒரு கருவியையும் இவ்வாறே விலை பேசி வாங்க நேர்ந்தால் எதனை அளவுகோலாகக் கொள்வது? அரசு எதனைத் தடுக்க வேண்டும்? எதனை வாங்குவோன் பொறுப்பில் விட வேண்டும்?

மலேசியத் தமிழராகிய நமக்கு இவ்வினாக்கள் தொலைவில் உள்ளவையாகத் தோன்றலாம். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டின் சுடுகருவிகள் கூடுதல் தண்டனைச் சட்டமும் நம்மைக் காத்து நிற்கின்றன. குற்றம் புரிகையில் துப்பாக்கியால் சுட்டவனுக்குத் தூக்கு ஒன்றே தண்டனை என்றிருந்த கட்டாய விதி 2023இல் நீக்கப்பட்டது. எனினும் சட்டத்தின் கடுமை குறைந்துவிடவில்லை. துப்பாக்கி நமக்குக் காவலர் இடுப்பிலும் வங்கி வாயிலிலும் காணும் பொருள். கடைத்தெருவில் விலை கேட்கும் பொருளன்று.

ஆனால் நம் பிள்ளைகள் இன்று உலகெங்கும் பரவி வாழ்கின்றனர். என் தங்கையின் மகன் அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் நிரந்தர வசிப்புரிமை பெற்று, சிறியதொரு மளிகைக் கடை நடத்தி வருகிறான். 2024ஆம் ஆண்டின் இறுதியில் அவன் எனக்கு எழுதினான்: "மாமா, பக்கத்துக் கடையில் இரவில் கொள்ளை நடந்துவிட்டது. கடைக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்றிருக்கிறேன். நானூறு ஐந்நூறு டாலருக்கு மேல் என்னால் ஆகாது. இங்குள்ள சட்டமோ படிக்கப் படிக்க வளர்கிறது. நீங்கள் பார்த்து ஒரு வழி சொல்லுங்கள். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்."

துப்பாக்கியைப் பற்றி ஓர் ஆசிரியனிடம் கேட்பானேன் என்று நீங்கள் வியக்கலாம். அவன் கேட்டது துப்பாக்கியைப் பற்றியன்று. சட்டத்தைப் படித்துப் பொருள் கூறும்படிதான். அது நம் தொழிலோடு உறவுடைய பணியே ஆகும்.

அமெரிக்காவில் மாநிலத்திற்கு மாநிலம் துப்பாக்கிச் சட்டம் வேறுபடும். அவற்றுள் கலிபோர்னியாவின் சட்டம் மிகக் கண்டிப்பானவற்றுள் ஒன்று. அங்குக் கைத்துப்பாக்கி வாங்க விரும்புவோன் 21 வயது நிரம்பியவனாக இருத்தல் வேண்டும். பாதுகாப்பு குறித்த எழுத்துத் தேர்வில் 30 வினாக்களுள் 23க்கேனும் சரியான விடை எழுத வேண்டும். அதற்குக் கட்டணம் 25 டாலர். பின்னர் அவனது முன்வரலாறு ஆராயப்படும். பணம் செலுத்திய பின்னும் 10 நாள் காத்திருந்தே பொருளைப் பெற முடியும். கையில் கொடுக்குமுன், பாதுகாப்பாகக் கையாளத் தெரியும் என்பதைக் கடைக்காரர் முன்னிலையில் செய்து காட்டவும் வேண்டும்.

இவை வாங்குவோனுக்கு உரிய விதிகள். பொருளுக்கும் விதி உண்டு. மாநில நீதித்துறை ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கிகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. 1999இல் இயற்றப்பட்டு 2001இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் விளைந்தது அது. பட்டியலில் இடம்பெற விரும்பும் வகையில் மூன்று துப்பாக்கிகள் சோதனைக்கு உள்ளாகும். ஒவ்வொன்றும் 600 முறை சுடப்படும். ஆறு தடவைக்கு மேல் தடைப்படலாகாது. ஒரு மீட்டருக்குச் சற்று மேலான உயரத்திலிருந்து வெவ்வேறு நிலைகளில் கெட்டித் தரையில் விழச் செய்வர். அப்போது தானே வெடித்துவிடலாகாது.

இச்சோதனை ஏன் எழுந்தது? அதற்கு வரலாறு உண்டு. 1968ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் வெளிநாட்டு மலிவுத் துப்பாக்கிகளின் வரவைத் தடுத்தது. இறக்குமதி நின்றது, விருப்பம் நிற்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சுற்றிச் சிறு தொழிற்சாலைகள் தோன்றி, அதே மலிவுச் சரக்கை உள்நாட்டிலேயே பெருக்கின. அவை அமைந்த முறையைக் கண்டு 'நெருப்பு வளையம்' என்று பெயரிட்டனர். அத்தகைய துப்பாக்கி ஒன்றில், தோட்டாவை அகற்ற வேண்டுமானால் முதலில் பாதுகாப்புத் தாழை விடுவிக்க வேண்டும் என்னும் விபரீத அமைப்பு இருந்தது. 1994இல், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த ஓர் இளைஞன் நல்லெண்ணத்தோடு தோட்டாவை அகற்ற முயன்றான். துப்பாக்கி வெடித்தது. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கழுத்துக்குக் கீழ் செயலற்றுப் போனான். 2003இல் நடுவர் குழு, தயாரிப்பாளர் மீதும் பெரும்பொறுப்பைச் சுமத்தியது.

மலிவு என்பது சில வேளைகளில் ஒருவர் கொடுக்க வேண்டிய விலையை வேறொருவர் தலையில் கட்டுவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? தரச் சோதனையை ஏழைக்கு எதிரானது என்பார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. மிக மலிந்த கருவியை வாங்குவோன் ஏழையே. ஆதலின் அதனால் முதலில் காக்கப்படுவோனும் அவனே.

ஆயினும் பட்டியல் அவ்வளவில் நிற்கவில்லை. சுட்ட தோட்டாவின் உறையில் அடையாளக் குறி பதியும் பொறிநுட்பம் வேண்டும் என்று 2007இல் சட்டம் இயற்றினர். 2013இல் அது நடைமுறைக்கு வந்தது. எந்த நிறுவனமும் அவ்வாறு செய்து விற்க முன்வரவில்லை. அதனால் பத்தாண்டுக் காலம் புதிய வகைப் பிஸ்டல் எதுவும் பட்டியலில் ஏறவில்லை. பிற மாநிலத்தார் கிளாக் நிறுவனத்தின் ஐந்தாம் தலைமுறைப் பிஸ்டலை வாங்கிய காலத்தில், கலிபோர்னியாக் கடைகளில் பழைய மூன்றாம் தலைமுறையே புதியதாக விற்கப்பட்டது. 2023இல் நடுவணரசு நீதிமன்றம் அவ்விதியைத் தடுத்து நிறுத்திய பின்னரே புதியன சில உள்ளே வந்தன. பட்டியலில் இல்லாத துப்பாக்கியைத் தனியார் ஒருவர் உரிமம் பெற்ற கடை வாயிலாக மற்றொருவருக்கு விற்கலாம் என்பதால், அத்தகைய பழைய பொருள் புதியதினும் அதிக விலைக்குப் போகும் விந்தையும் நிகழ்ந்தது. தடை கருவியை ஒழிக்கவில்லை. பணமுடையோன் மட்டும் புகத்தக்க வாயிலாக மாறியது.

இனி, அவன் பையிலிருந்த பணத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்போம். 400 டாலர் விலையுள்ள ஒரு துப்பாக்கிக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 11 விழுக்காட்டுச் சிறப்பு வரி 44 டாலர். மாநில அரசின் ஆய்வுக் கட்டணம் 37 டாலருக்குச் சற்று மேல். தேர்வுக் கட்டணம் 25. ஆக, வழக்கமான விற்பனை வரியைச் சேர்க்கு முன்பே தொகை 506ஐத் தாண்டிவிடுகிறது. பூட்டுள்ள இரும்புப் பெட்டி, பயிற்சிக்கான தோட்டா, பயிற்சிக் களக் கட்டணம் ஆகியவை தனி. வன்முறைத் தடுப்புக்கும் பள்ளிகளின் பாதுகாப்புக்கும் அவ்வரிப் பணம் செல்வதை நான் அறிவேன். நோக்கம் நன்று. எனினும் 11 விழுக்காடு செல்வனுக்குச் சில்லறை. மளிகைக் கடைக்காரனுக்கு ஒரு வாரச் சாப்பாடு.

விலையைக் கொண்டு மனிதரைப் பிரிப்பது அந்நாட்டில் பழைய வழக்கமாகும். டென்னசி மாநிலத்தில் 1879இல் ஒரு சட்டம் வந்தது. தரைப்படையினரும் கடற்படையினரும் பயன்படுத்தும் வகையன்றி வேறு கைத்துப்பாக்கியை விற்கலாகாது என்றது. அதில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அவ்வகைத் துப்பாக்கி விலை மிக்கது. அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களால் அதனை வாங்க இயலவில்லை. சட்டம் வாயால் சொல்லாததை விலை சொல்லிவிட்டது.

கலிபோர்னியாவோ ஒருகாலத்தில் வாய்விட்டே சொன்னது. அங்குக் காத்திருப்பு விதியை ஒரு நாளாகத் தொடங்கிவைத்த 1923ஆம் ஆண்டுச் சட்டம், குடியுரிமை பெறாத வெளிநாட்டவர் கைத்துப்பாக்கி வைத்திருப்பதையும் தடுத்தது. அதே 1923இல்தான், பகத் சிங் திண்ட் என்னும் இந்தியரின் குடியுரிமை பற்றிய வழக்கில், இந்தியருக்கு அமெரிக்கக் குடியுரிமை பெறும் தகுதி இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946இல்தான் அக்கதவு திறந்தது. துப்பாக்கித் தடையோ 1972வரை நீடித்து, பின்னர் நீதிமன்றத்தால் செல்லாததாயிற்று. என் தங்கை மகன் நூறாண்டுக்கு முன் அங்குச் சென்றிருப்பின், எத்தேர்வு எழுதியும் பயனில்லை.

இவற்றையெல்லாம் படித்தபின் எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் மனிதனிடம் மூன்றனுள் ஒன்றைக் கேட்கிறது: அறிவைக் கேட்கிறது, பொறுமையைக் கேட்கிறது, அல்லது பணத்தைக் கேட்கிறது. அறிவைக் கொடுத்தவன் அறிவுடையோனாகிறான். பொறுமையைக் கொடுத்தவன் நிதானம் பெறுகிறான். பணத்தைக் கொடுத்தவனோ பணத்தை இழந்தவன் மட்டுமே. அவன் முன்னிலும் நல்லவனாகிவிடவில்லை. முப்பது வினாக்களும் பத்து நாள்களும் ஏழைக்கும் செல்வனுக்கும் ஒன்றே.

அப்பத்து நாளின் அருமையை எளிதாக எண்ணலாகாது. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கலிபோர்னியாவில் ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் பேரின் பதிவுகளைக் கணக்கில் கொண்டது. கைத்துப்பாக்கி உடைய ஆடவர் துப்பாக்கியால் தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் வாய்ப்பு, அஃதில்லா ஆடவரினும் ஏறத்தாழ 8 மடங்கு. மகளிரிடையே 35 மடங்கு. கள்வனுக்கு அஞ்சி வாங்கிய கருவி வீட்டாரையே நோக்கித் திரும்பக்கூடும். சினமும் சோர்வும் பெரும்பாலும் பத்து நாளில் தணிவன.

இவற்றை எழுதியே அவனுக்கு விடை அனுப்பினேன். முதலில் விளக்கும் கதவும் பூட்டும் திருந்தட்டும் என்றேன். வாங்கியே தீர வேண்டுமாயின், பட்டியலில் உள்ள சாதாரணச் சுழல் துப்பாக்கி போதும் என்றேன். பிஸ்டலில் தோட்டாக் கூட்டைக் கழற்றிய பின்னும் குழலறையில் ஒன்று தங்கியிருக்கலாம். வெறுமை என்று நம்பி ஏமாந்தோர் பலர். சுழல் துப்பாக்கியின் உருளையைத் திறந்தால் எல்லா அறைகளும் கண்முன் தெரியும். பெட்டிக்கும் பயிற்சிக்கும் பணம் ஒதுக்க இயலாவிடில், துப்பாக்கிக்கும் பணம் இல்லை என்றே கொள்க என்றும் எழுதினேன்.

அவன் கதவை மாற்றினான், தேர்வு எழுதினான், பத்து நாள் காத்திருந்தான், பழையதொரு சுழல் துப்பாக்கியை வாங்கினான். அவன் வாங்கியது சரியா என்று இன்றும் என்னால் அறுதியிட்டுக் கூற இயலவில்லை. தன் தாயிடம் அவனே சொல்லிவிட்டான். பள்ளிப் படிப்பு மிகுதியாக இல்லாத என் தங்கை, விலையையும் கேட்கவில்லை, வகையையும் கேட்கவில்லை. "என் பேரன் கைக்கு எட்டுமா?" என்று ஒன்றே கேட்டாள். அவன் பெட்டியையும் பூட்டையும் படமெடுத்து அனுப்பினான்.

அம்மாநிலச் சட்டமும் அதே வினாவைக் கேட்கிறது. சிறுவர் கைக்கு எட்டும்படி துப்பாக்கியை வைத்து, அதனால் தீங்கு நேர்ந்தால் உடையவன் குற்றவாளியாவான். மேல்வகுப்பு மாணவர்க்குச் சட்டம், உரிமை, கடமை என்று கட்டுரைத் தலைப்புக் கொடுக்கும் ஆசிரியப் பெருமக்கள் இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எந்தக் கட்டுப்பாட்டைக் கண்டாலும், அது மக்களிடம் அறிவைக் கேட்கிறதா, பொறுமையைக் கேட்கிறதா, பணத்தைக் கேட்கிறதா என்று மாணவர் ஆராயட்டும். துப்பாக்கியை ஒருநாளும் தொடாத பிள்ளைகளுக்கும் அவ்வாராய்ச்சி வாழ்நாள் முழுதும் பயன்படும்.